தரைக்குத் தடை

இடுப்பு மூட்டை மாற்ற ஓரிரு மணி நேரம் போதும். அதைப் பழக்க மாதங்கள் ஆகும், அதுவும் வீட்டில். 1962ல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி உலோகப் பந்தையும் பிளாஸ்டிக் கிண்ணத்தையும் பொருத்தியது நாற்காலியில் அமரும் மக்களுக்கு. இங்கே சம்மணம், இந்தியக் கழிப்பறை. பின்புறமாகத் திறந்து பொருத்திய மூட்டு, ஆரம்ப வாரங்களில் 90 டிகிரிக்கு மேல் மடக்கினால் நழுவக்கூடும். எனவே உயரமான கழிப்பறை இருக்கைதான் முதல் செலவு. பிறகு பயிற்சி: ரத்தம் உறையாதிருக்கக் கணுக்காலை ஆட்டுவது, தொடையை இறுக்குவது, நடப்பது. ஊன்றுகோல் எதிர்ப்புறக் கையில். படியேற நல்ல கால் முன்னே. இறங்க அறுவை செய்த கால். நலம் விசாரிக்க வருபவர்கள் "பேசாமல் படுத்திருங்கள்" என்பார்கள். (அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.) வலி குறைந்ததும் பலர் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். வலுவிழந்த தசை வலிக்காது, நடையைத்தான் சாய்க்கும்.