விருகுடு, முறிவு: ஊசி மருந்துக்கு உரிய பெயர்

சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தெலுங்கில் நஞ்சுக்கு மாற்றான மருந்துக்கு ‘விருகுடு’ என்று பெயர். இது ‘விருகு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. முறிதல், ஒடிதல் என்பது அதன் பொருள். கிளை ஒடிந்தாலும் பால் திரிந்தாலும் தெலுங்கில் இதே வினைதான். தமிழில் இதற்கு ஈடான சொல் ‘முறிவு’. நஞ்சுமுறிவு, விஷமுறிவு என்று சித்த மருத்துவத்திலும் பேச்சிலும் அது வழங்குகிறது. சொற்கள் வேறாயினும் கருத்து ஒன்றே: நஞ்சின் வலிமை ஒடிக்கப்படுகிறது.

எல்லா மொழிகளும் இவ்வாறு கருதவில்லை. கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற ‘ஆன்டிடோட்’ என்பதற்கு ‘எதிராகக் கொடுக்கப்பட்டது’ என்பதே பொருள். வடமொழி ‘அகதம்’ நோயின்மையைச் சுட்டுவது. ஆயுர்வேதத்தின் எட்டுப் பிரிவுகளுள் நஞ்சு மருத்துவத்துக்கு அகத தந்திரம் என்று பெயர்.

முறிவு என்னும் உருவகம் அழகியது. ஆயினும் ஓர் ஆபத்தையும் உடன் கொண்டுள்ளது. எப்போது முறித்தாலும் முறிந்ததுதானே என்று எண்ண அது இடம் தருகிறது. உண்மையில், குதிரைக் குருதியிலிருந்து பெறப்படும் பாம்பு நஞ்செதிர் மருந்து நஞ்சைப் பற்றிப் பிணைத்துச் செயலிழக்கச் செய்கிறது. நஞ்சு முன்னரே விளைத்த சிதைவை அது மீட்பதில்லை. ஆகவே ஒவ்வொரு மணி நேரமும் உயிரின் விலை பெறுகிறது.

இந்தியாவில் கிடைக்கும் இம்மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரானது. அதற்கான நஞ்சை மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் திரட்டித் தருகிறது. நாட்டார் அறிவும் மருத்துவ அறிவியலும் அங்கு ஏற்கெனவே கைகோத்துள்ளன.

சொல்லில்தான் அவை பிரிந்து நிற்கின்றன. மருத்துவமனையில் அம்மருந்துக்கு ‘ஏ.எஸ்.வி.’ என்னும் எழுத்துச் சுருக்கமே பெயர். ‘விருகுடு’ பச்சிலை தருவோரின் சொல்லாகவும் வழங்குகிறது. நஞ்சு இறங்காத வெறுங்கடிக்குப் பச்சிலை தந்து ஆள் பிழைத்தால் அந்தப் பெயர் மேலும் உறுதிப்படுகிறது. மறுமுறை உண்மையான கடிக்கும் ஊரார் அப்பச்சிலையையே நாடுகின்றனர்.

மக்களின் சொல் மக்களைக் காக்கும் மருந்துக்கு உரியதாக வேண்டும். நகரி, சத்தியவேடு, குப்பம் போன்ற இருமொழி ஊர்களின் அரசு மருத்துவமனைப் பலகைகளில், ‘பாம்புக்கடிக்கு விருகுடு இங்கே உண்டு, உடனே வருக’ என்று தெலுங்கிலும், ‘நஞ்சுமுறிவு’ என்று தமிழிலும் எழுதுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. கலைச்சொல்லாக்கம் அகராதிக்கு மட்டும் உரிய பணியன்று.