மழையில் வழுக்கி மீடியனில் மோதிய கார்: ‘உங்க தப்பு’ என்றால் இன்சூரன்ஸ் கிளைம் கிடைக்காதா?

பருவமழை தொடங்கிவிட்டால் ஜிஎஸ்டி சாலையிலும் ஓஎம்ஆரிலும் அடிக்கடி பார்க்கும் காட்சிதான். தேங்கிய தண்ணீரில் டயர் பிடிமானம் இழந்து, கார் நேராக மீடியனில் மோதி நிற்கும். எதிரே வேறு வண்டி இல்லை, யாரையும் கைகாட்ட முடியாது. ‘நம்ம தப்புதானே, கிளைம் பண்ணினா கொடுப்பாங்களா?’ என்ற சந்தேகத்திலேயே சொந்தக் காசைப் போட்டு வண்டியைச் சரிசெய்பவர்கள் உண்டு.

யார் தப்பு என்பது முக்கியமா?

உங்கள் காரின் சேதத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலும் இல்லை. பாலிசியில் ‘ஓன் டேமேஜ்’ பகுதி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. விபத்தால் ஏற்படும் சேதம், வெள்ளம், புயல் எல்லாமே அதில் அடக்கம். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருந்தால் உங்கள் காருக்கு ஒரு ரூபாய்கூட வராது.

அமெரிக்காவில் தவறு யாருடையது என்பதைப் பொறுத்து அடுத்த பிரீமியம் எகிறும். இங்கே கணக்கு வேறு. தவறு யாருடையதாக இருந்தாலும், ஓன் டேமேஜ் கிளைம் செய்தாலே நோ கிளைம் போனஸ் போய்விடும்.

அப்புறம் எதற்கு நிராகரிக்கிறார்கள்?

மது அருந்தியிருந்தது, செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதது ஆகியவை நேரடிக் காரணங்கள். மழைக்கால கிளைம்களில் சண்டை வருவது வேறு இரண்டு இடங்களில்.

ஒன்று, இன்ஜின். தண்ணீர் புகுந்து நின்றுபோன காரை மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்தால் உள்ளே பாகங்கள் வளைந்து உடையும். இதை விபத்தின் நேரடிச் சேதமாக ஏற்காமல், ‘விளைவாக வந்த இழப்பு’ என்று நிறுவனங்கள் கழித்துவிடும். இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இதற்காகத்தான்.

இரண்டு, ‘போதிய கவனம்’. வண்டியைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது பாலிசி நிபந்தனை. மோதிய வண்டியைப் பழுது பார்க்காமலேயே ஓட்டிச் சென்று சேதம் கூடினால், கூடுதல் சேதம் உங்கள் தலையில்தான். அதனால் ஸ்டார்ட் செய்து பார்க்காமல், டோ செய்து எடுத்துப் போவதே நல்லது.

உயிரிழப்பு என்றால்?

இங்கேதான் ‘யார் தப்பு’ என்பது பெரிய கேள்வியாகிறது. 2014-ல் கர்நாடகாவில் வேகமாகச் சென்று கவிழ்ந்த காரை ஓட்டியவர் இறந்தார். அவரது குடும்பம் 80 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டது. விபத்துக்கு அவரது அஜாக்கிரதையே காரணம் என்பதால் தர முடியாது என்றது உயர் நீதிமன்றம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

இந்த நிலையில் கைகொடுப்பது உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. இதற்குத் தவறு யாருடையது என்ற கேள்வி இல்லை. ஆனால், நண்பரின் காரை இரவல் வாங்கி ஓட்டுபவருக்கு இது பொருந்தாது. ஆன்லைனில் பாலிசி புதுப்பிக்கும்போது சில நூறு ரூபாய்க்காக இந்த டிக்கை எடுத்துவிடாதீர்கள்.

நிராகரித்துவிட்டால் என்ன செய்வது?

* மோதிய இடத்திலேயே சாலை, தேங்கிய நீர், டயர் தடம், சேதம் எல்லாவற்றையும் போட்டோ, வீடியோ எடுங்கள். டேஷ்கேம் பதிவு இருந்தால் உடனே சேமியுங்கள்.
* நிறுவனத்துக்கு உடனே சொல்லுங்கள். நியாயமான காரணத்தால் தாமதமானால், அதை மட்டும் வைத்து உண்மையான கிளைமை மறுக்கக் கூடாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.
* நிராகரிப்பை எழுத்தில், எந்த நிபந்தனையின்படி என்று கேட்டு வாங்குங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலும் கேளுங்கள். அந்த அறிக்கையே இறுதி வார்த்தை அல்ல என்பதும் உச்ச நீதிமன்றம் 2009-ல் சொன்னதுதான்.
* முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஐஆர்டிஏஐ-யின் ‘பீமா பரோசா’ தளத்திலும் புகாரைப் பதியலாம்.
* ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையான புகார்களை ஏற்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிராகரித்த ஓராண்டுக்குள் போக வேண்டும். அவரது தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.
* நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு.

எல்லாச் சேதத்துக்கும் கிளைம் தேவையா?

பம்பர் கீறலுக்குத் தேவையில்லை. ஐந்து ஆண்டுகள் கிளைம் செய்யாதவருக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50% தள்ளுபடி இருக்கும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு, ஜீரோ டெப் ஆட்-ஆன் இல்லாவிட்டால் பாதி விலைதான் கிடைக்கும். ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டில் இந்தக் கழிவுகள் போக எவ்வளவு வரும், போனஸ் போனால் எவ்வளவு நஷ்டம் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வரும் தொகை அதிகம் என்றால், ‘நம்ம தப்புதானே’ என்று தயங்க வேண்டியதில்லை; பிரீமியம் கட்டியதே இப்படி ஒரு நாளுக்காகத்தான்.