இலவச ஆலோசனைக்குக் காசு கொடுப்பது யார்?

"போனைத் தட்டு, வரவு செலவுக் கணக்கைப் போடு, உனக்கேற்ற ஆலோசகரை நாங்களே தேடித் தருகிறோம், காசே வேண்டாம்!" இந்தப் பிரசாரம் மதுரை மில் வாசலிலிருந்து மேலூர் வயல் வரப்பு வரை வந்துவிட்டது.

காசு வாங்காமல் கடை நடத்தும் தர்மவான் யார்? 2009-ல் சென்னையில் தோன்றிய ஃபண்ட்ஸ்இந்தியா போன்ற கம்பெனிகளுக்கு மியூச்சுவல் பண்டு கம்பெனிகள் கமிஷன் தருகின்றன. அந்தக் கமிஷன் ஆகாயத்திலிருந்து விழவில்லை. நாம் போட்ட பணத்திலிருந்தே தினந்தோறும் சிறுகச் சிறுகக் கழிகிறது. வருஷத்துக்கு ஒரு சதவீதம் என்றால் லட்ச ரூபாய்க்கு 1,000 ரூபாய். லாபம் வந்தாலும் கழியும். நஷ்டம் வந்தாலும் கழியும்.

தரகர் இல்லாத 'நேரடித் திட்டம்' 2013 ஜனவரி முதல் இருக்கிறது. ஆலோசனை சொல்பவர் அதே ஆளிடம் கமிஷன் சரக்கை விற்கக் கூடாதென்று 2020-ல் செபி விதியைத் திருத்தியது. ஆகவே, தோழர்களே, யார் வந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: செபி பதிவு எண் என்ன? உனக்குக் கூலி தருவது யார்?

மூன்றாவது கேள்வியும் உண்டு: எதைச் சேமிப்பது? "முதுமைக்குச் சேர்த்து வை" என்று உபதேசிக்கிறார்கள். ஆயுள் முழுதும் மில்லில் நின்றவனுக்கு 2014-ல் மத்திய சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்ச பி.எப். பென்ஷன் மாதம் 1,000 ரூபாய்! நாற்று நட்டவளுக்கு அந்த பி.எப்.பும் இல்லை.

கணக்குத் தெரியாமல் நாம் ஏழையாகவில்லை. கூலி போதாமல்தான் கையில் மிச்சமில்லை. கூலியை உயர்த்து, பென்ஷனை உயர்த்து என்கிறோம். மிச்சத்தை எங்கே வைப்பதென்று பிறகு நாமே பார்த்துக்கொள்வோம்!