பாட்டு வரி இல்லாத ராஜா

புளியங்குடியில் பஸ் ஏறி, கடையநல்லூர் தாண்டி, தென்காசியில் இறங்குவதற்குள் நாலைந்து இளையராஜா பாட்டாவது காதில் விழுந்துவிடும். பஸ்ஸில் பாதிப் பேருக்கு வரிகள் மனப்பாடம். ஆனால் நடுவில் வயலின்கள் கூட்டமாகக் கிளம்புமே, அந்த இடம்? அப்போதுதான் பக்கத்து சீட்காரர் பேச்சை ஆரம்பிப்பார். இடையிசைக்குக் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான்!

அதனால்தான் 'ஹௌ டு நேம் இட்' இன்னும் பலர் காதுக்கு வரவில்லை. 1986-இல் ராஜா வெளியிட்ட ஆல்பம். சினிமா கிடையாது, பாட்டு வரி கிடையாது. தியாகராஜருக்கும் ஜெர்மனிக்காரர் பாக்குக்கும் சமர்ப்பணம்.

அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' மட்டுமாவது கேளுங்கள். அடிப்படையாக இருப்பது 1720-இல் பாக் எழுதி வைத்த ஒரு வயலின் பிரெலூட். பக்கவாத்தியம் இல்லாத ஒற்றை வயலினுக்கானது, மூச்சு விட இடமில்லாமல் ஓடும். நம்மூர்க் கணக்கில் சங்கராபரண ஸ்வரங்கள்தான். அந்த ஓட்டத்தோடு ராஜாவின் மெட்டும் சேர்ந்துகொள்கிறது. ஒன்றுக்கு மற்றது எடுபிடி இல்லை. இரண்டும் தனித்தனி மெட்டு, ஒரே நேரத்தில். (காமர்ஸ் படிப்பவர்களுக்கு: டபுள் என்ட்ரி மாதிரி. இரண்டு பக்கமும் தனித்தனி, ஆனால் டேலி ஆகும்!)

இந்த ஆல்பத்தில் வயலின் வி.எஸ். நரசிம்மன். பாக்கை வாசிக்கும்போது ஸ்வரம் நேராக நிற்க வேண்டும். கர்நாடக இசை என்றால் அதே ஸ்வரம் கமகத்தில் அசைய வேண்டும். இரண்டு பழக்கமும் ஒரே கையில் இருப்பது சாதாரண விஷயமா?

ப்ராக்ரஸிவ் ராக் பக்கமும் பாக் வந்திருக்கிறார். 1969-இல் ஜெத்ரோ டல் குழு 'ஸ்டாண்ட் அப்' ஆல்பத்தில் அவருடைய 'பூரே' ஒன்றை ஜாஸ் நடைக்கு மாற்றியது. இயான் ஆண்டர்சன் புல்லாங்குழல், நடுவில் பேஸ் கிடாருக்குத் தனி இடம். அந்த ரசிகர்கள் யார் எதை வாசித்தார், எங்கே தாளம் மாறியது என்று சண்டையே போடுவார்கள். இங்கே பாடியவர் பெயர் தெரியும், எழுதியவர் பெயர் தெரியும். வாசித்தவர்?

வரியே இல்லாததை எப்படி ரசிப்பது என்று கேட்பவர்கள் உண்டு. கோயில் கொடையில் விடிய விடிய நையாண்டி மேளம் கேட்பதும் அதே ஆட்கள்தான். நாதஸ்வரத்திலும் தவிலிலும் என்ன வரி இருக்கிறது? தவில்காரர் எங்கே வேகம் கூட்டினார் என்று மறுநாள் டீக்கடையில் அலசத் தெரிகிறதே!

முதல் தடவை பாக்கை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த தடவை ராஜாவை. பஸ்ஸில் வேண்டாம், பக்கத்து சீட்காரர் விடமாட்டார்.