எல்.எல்.ஆர். என்றால் லைசென்சு அல்ல, தம்பி!

காலை 10 மணி. சென்னையில் ஒரு டிரைவிங் ஸ்கூல். சுவரில் வட்டம், முக்கோணம், நீள்சதுரம் என்று வரிசையாகப் படங்கள்.

"வட்டம்னா கட்டளை. முக்கோணம்னா எச்சரிக்கை. நீள்சதுரம்னா தகவல். எழுதிக்கோங்கப்பா" என்கிறார் வாத்தியார்.

கடைசி பெஞ்சில் ஒரு பையன். 18 வயது முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. எல்.எல்.ஆர். சட்டைப்பையில் இருக்கிறது. அவன் கண் மட்டும் கடிகாரத்தில் இருக்கிறது. சாயங்காலம் நண்பர்கள் காத்திருப்பார்களே!

மாலை 6 மணி. மெரினா கடற்கரை. அதே பையன். அப்பாவின் மோட்டார் சைக்கிள். பின்னால் இரண்டு நண்பர்கள். இருக்கும் ஒரே ஹெல்மெட், தலையில் இல்லை, கைப்பிடியில் தொங்குகிறது.

"அதான் எல்.எல்.ஆர். வாங்கியாச்சே, ஏறுங்கடா!"

இந்தப் பையன் யார் என்று கேட்காதீர்கள். உங்கள் தெருவிலும் இருக்கிறான். எங்கள் தெருவிலும் இருக்கிறான்.

சட்டம் என்ன சொல்கிறது?

எல்.எல்.ஆர். என்பது ஓட்டப் பழகுவதற்கான அனுமதி. ஊர் சுற்றுவதற்கான அனுமதி அல்ல. அது 6 மாதம் செல்லும். 30 நாள் கழிந்த பிறகுதான் நிரந்தர லைசென்சுக்குச் சோதனை கொடுக்க முடியும்.

அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு நிற 'எல்' எழுத்து இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரலாம் என்றால், லைசென்சு உள்ள, சொல்லிக் கொடுக்கும் ஆள் ஒருவர் மட்டுமே உட்காரலாம். நண்பர்களை ஏற்றக் கூடாது. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இது இருக்கிறது.

இது எத்தனை பையன்களுக்குத் தெரியும்? எத்தனை அப்பாக்களுக்குத் தெரியும்?

கூட வந்த நண்பனுக்கு வயது 17. "மச்சான், ஒரே ஒரு ரவுண்டு" என்று சாவியைக் கேட்கிறான். கொடுத்துவிட்டால் கதையே மாறிவிடும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது ஆகாதவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோ பதில் சொல்ல வேண்டும். 3 ஆண்டு வரை சிறை, ரூ.25 ஆயிரம் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது.

ஒரு ரவுண்டுக்கு இவ்வளவு விலை!

60 மார்க் போதுமா?

எல்.எல்.ஆர். தேர்வில் நூற்றுக்கு 60 வாங்கினால் பாஸ். மீதி 40-க்கான பதில் தப்பு என்றாலும் கேட்பார் இல்லை. தப்பான அந்தக் கேள்வி, ரெயில்வே கேட் பற்றியதாக இருந்தால்? பள்ளிக்கூடம் அருகே வேகம் குறைப்பது பற்றியதாக இருந்தால்? பரீட்சைக்கு 60 போதும். ரோடு 100 மார்க் கேட்கும்.

மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். பின்னால் இருப்பவன் சொன்ன ஜோக்குக்குத் தலையைத் திருப்புகிற நேரம் அவ்வளவுதான். அதற்குள் ஒரு மாநகர பஸ்சின் நீளத்தைக் கண் மூடிக் கடந்தாகிவிட்டது!

நாம் கேட்பது இதுதான்:

எல்.எல்.ஆர். தேர்வு முடிந்ததும், எந்தெந்தப் பதில் தப்பு என்று சொல்லி, சரியானதை விளக்கிவிட்டு அட்டையைக் கொடுக்கட்டும். இதற்குக் கால் மணி நேரம் போதும்.

டிரைவிங் ஸ்கூல்கள், பாட வகுப்பை "சும்மா ஒரு மணி நேரம்" என்று ஒப்பேற்ற வேண்டாம். விபத்து நடந்தால் ஓடக் கூடாது, அடிபட்டவரைக் காப்பாற்ற வேண்டும், 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதும் பாடம்தான்.

பெற்றோர்களே! சாவியை ஆணியில் மாட்டிவிட்டு "பையன் எடுத்துட்டுப் போயிட்டான்" என்று பிறகு கையைப் பிசைய வேண்டாம். லைசென்சு கைக்கு வரும் வரை சாவி உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்.

தம்பிகளே! நண்பர்களோடு பீச்சுக்குப் போவதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுண்டல் சாப்பிடுங்கள். சிரியுங்கள். ஆனால் பஸ்சில் போங்கள். "வேணாம்டா, இறங்கு" என்று சொல்கிறவனே நல்ல நண்பன்.

ராத்திரி 9 மணிக்கு வீட்டில் ஓர் அம்மா தட்டு வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக் கொண்டிருப்பாள். அவள் எதிர்பார்ப்பது மகனைத்தான், போலீஸ்காரரை அல்ல.