செய்திக்கும் விலை உண்டு

இணையத்தில் எல்லாமே இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆயினும், மலேசியாகினி இணைய நாளேடு 2002ஆம் ஆண்டிலேயே வாசகர்களிடம் சந்தா பெறத் தொடங்கியது. அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் நாளேடும் 2011இல் தன் இணையப் பதிப்புக்குக் கட்டணம் விதித்தது. இதில் தவறில்லை. தாளும் மையும் தேவைப்படாவிட்டாலும், செய்தி தானாக விளைவதில்லை. நிருபர் நேரில் சென்று விசாரிக்க வேண்டும்; ஆசிரியர் அதனைச் சரிபார்க்க வேண்டும். அவ்வுழைப்புக்கு ஊதியம் தேவை. விளம்பர வருமானத்தை மட்டுமே நம்பும் நாளேடு, விளம்பரம் தருவோரின் குறைகளை எழுதத் தயங்கக்கூடும்.

எனினும், உண்மைச் செய்தி பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்க, பொய்ச்செய்தியோ புலனத்தில் இலவசமாக வலம் வருகிறது. சந்தா செலுத்த இயலாதவர் எதனை நம்புவார்? ஆகவே, வெள்ளம், தொற்றுநோய் போன்ற ஆபத்துகளைப் பற்றிய செய்திகளை அனைவருக்கும் திறந்துவிட வேண்டும். 2020இல் கோவிட்-19 பரவியபோது நியூயார்க் டைம்ஸ் அவ்வாறே செய்தது. மற்றச் செய்திகளுக்குப் பொது நூலகங்கள் சந்தா செலுத்தி, உறுப்பினர்கள் இலவசமாகப் படிக்க வழிசெய்யலாம். சிங்கப்பூரின் தேசிய நூலக வாரியம் மின்னிதழ்களை இவ்வாறு வழங்கி வருகிறது. உழைத்தவருக்கு ஊதியமும் ஏழைக்கு உண்மையும் கிடைப்பதே நியாயம்.