பெடல் மேல பெடல் வாங்கியும் கிட்டார் மங்கலா கேக்குதா? கேபிளைக் கொஞ்சம் கவனிங்க!

ஏழு பெடல்கள். ஏழும் 'ட்ரூ பைபாஸ்'. அதில் இரண்டுக்கு இ.எம்.ஐ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பெடல்போர்டில் வெல்க்ரோ ஒட்டி, வரிசையாக அடுக்கி, ஜாம் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போன முதல் நாளே எங்கள் பேஸ் கிட்டார்காரன் கேட்டான்: "மச்சான், என்னடா இது, போர்வைக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு?"

அப்போது எல்லா பெடலும் ஆஃபில்தான் இருந்தன. ஆம்ப்பில் ட்ரெபிளைக் கூட்டிப் பார்த்தேன். இரைச்சல் கூடியதே தவிர, அந்தப் பழைய 'பளிச்' திரும்பவில்லை. புது ஸ்ட்ரிங் மாற்றினேன். விலை கூடிய பேட்ச் கேபிள்கள் வாங்கினேன். பிக்கப்பையே மாற்றிவிடலாமா என்று விலை விசாரிக்கிற அளவுக்குப் போய்விட்டேன். கடைசியில் ஜாம் ரூமில் சவுண்ட் பார்க்கும் அண்ணன், அலமாரியில் கிடந்த ஒரு பழைய ட்யூனர் பெடலை எடுத்து நீட்டினார். "தம்பி, இதை முதல்ல செருகிட்டு ஒருதடவை வாசி, பாப்போம்." செருகினேன். போர்வை விலகிவிட்டது.

அந்த ட்யூனருக்குள் இருந்தது ஒரு பஃபர். நான் வாங்கிய ஏழு பெடல்களிலும் 'ப்யூர் டோன்' என்ற பெயரில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டிருந்த அதே சர்க்யூட். கிட்டார் வாசிப்பவர்கள் மத்தியில் 'ட்ரூ பைபாஸ்' என்ற சொல்லுக்கு இருக்கும் மரியாதை, அதற்குத் தகுதியானதைவிட ரொம்பவே அதிகம் என்பது என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

கேபிள் சும்மா இருப்பதில்லை

எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும்தான். சாதாரண பிக்கப்புக்கு பேட்டரி கிடையாது, கரன்ட் கனெக்‌ஷன் கிடையாது. ஸ்ட்ரிங் அதிர்வதால் பிறக்கும் சின்ன சிக்னல்தான் அதன் மொத்தச் சொத்து.

அந்த சிக்னல் போகிற கேபிளில் நடுவே ஒரு கம்பி, அதைச் சுற்றி இன்சுலேஷன், அதற்கு மேல் வலை மாதிரி ஒரு ஷீல்டு. இரண்டு உலோகம், நடுவில் மின்சாரம் கடத்தாத பொருள். ப்ளஸ் டூ இயற்பியல் ஞாபகம் இருந்தால் பிடித்திருப்பீர்கள்: இது ஒரு கெபாசிட்டர். சாதாரண கிட்டார் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் இருக்கும். ஒரு ஃபாரடில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் பிக்கோஃபாரட். இவ்ளோ சின்ன சமாசாரமா என்று தோன்றும். ஆனால், பிக்கப்பின் சுருளும் இந்தக் கெபாசிட்டரும் சேர்ந்து ஒரு ஃபில்டர் ஆகிவிடுகின்றன. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சிறு மேடு, அதைத் தாண்டினால் சரிவு. மேட்டுக்கு மேலே இருக்கும் ட்ரெபிள் எல்லாம் ஷீல்டு வழியாக கிரவுண்டுக்கு வடிந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை சிங்கிள் காயில் பிக்கப்பின் இண்டக்டன்ஸ் 2.5 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். பிக்கப்புக்குள்ளேயே இருக்கும் கெபாசிட்டன்ஸுக்கு ஒரு 100 பிக்கோஃபாரட். 3 மீட்டர் கேபிளில் நேராக ஆம்ப்புக்குப் போனால், அந்த மேடு 5,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும். இப்போது பெடல்போர்டைச் சேருங்கள். கிட்டாரிலிருந்து போர்டுக்கு 6 மீட்டர், போர்டிலிருந்து ஆம்ப்புக்கு 6 மீட்டர், நடுவில் பேட்ச் கேபிள்கள் எல்லாம் சேர்ந்து ஒன்றரை, இரண்டு மீட்டர். மொத்தம் கிட்டத்தட்ட 14 மீட்டர். மேடு 2,600 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஏறக்குறைய பாதி!

24-வது ஃப்ரெட்டில் வாசிக்கும் உச்ச ஸ்வரமே 1,319 ஹெர்ட்ஸ்தான். ஆக, எந்த நோட்டும் காணாமல் போவதில்லை. பிக் ஸ்ட்ரிங்கைத் தொடும் அந்த 'டிக்', கார்டு அடிக்கும்போது ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் தனித்தனியாகக் கேட்கும் தெளிவு, ஹார்மானிக்ஸ். போவது இவைதான். அதனால்தான் 'என்னமோ சரியில்ல' என்று தோன்றுகிறதே தவிர, என்னவென்று விரல் வைத்துச் சொல்ல முடிவதில்லை. அந்த 'என்னமோ'வைத் தேடித்தான் அடுத்த பெடல், அடுத்த பிக்கப் என்று பணம் போகிறது.

ட்ரூ பைபாஸ் பாதி உண்மை

ட்ரூ பைபாஸ் காரணம் இல்லாமல் வந்ததல்ல. பழைய வா-வா பெடல்களில் சுவிட்சை ஆஃப் செய்தாலும் உள்ளே இருக்கும் சர்க்யூட் சிக்னலில் தொங்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சுமையால் டோன் மங்கும். ஆஃப் செய்தால் சர்க்யூட்டையே முழுசாக வெட்டிவிட்டு, இன்புட்டையும் அவுட்புட்டையும் வெறும் கம்பியால் இணைத்துவிடு என்பதுதான் ட்ரூ பைபாஸ். நல்ல தீர்வுதான். ஒரே ஒரு பெடலுக்கு!

ஏழு பெடல் இருந்தால்? ஏழையும் ஆஃப் செய்தால் ஏழும் வெறும் கம்பி. கிட்டாரில் தொடங்கி ஆம்ப் வரை எல்லாமே ஒரே நீளக் கேபிள். 14 மீட்டரையும் அந்த ஒற்றை பிக்கப்பே தள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய தொல்லை இன்னொன்று. வரிசையில் முதலில் இருக்கும் ஓவர்டிரைவை ஆன் செய்கிறீர்கள். ஆன் ஆன பெடலின் அவுட்புட் வலுவானது. அதற்குப் பின்னால் இருக்கும் கேபிளை அது சுலபமாகத் தள்ளிவிடும். ட்ரெபிள் குபுக்கென்று திரும்பி வரும். ஆஃப் செய்தால் மறுபடி போர்வை. பல்லவிக்கு ஒரு கிட்டார், சரணத்துக்கு வேறு கிட்டார் என்கிற மாதிரி ஆகிவிடும். ஆம்ப்பை எதற்கு செட் செய்வது? க்ளீனுக்குச் சரியாக வைத்தால் டிரைவ் காதைக் குத்தும். டிரைவுக்கு வைத்தால் க்ளீன் மங்கும். பல மாதம் நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான்.

பஃபர் இங்கே என்ன செய்கிறது? கல்யாணப் பந்தியில் மெல்லிய குரல் தாத்தா ஒருவர் ரசம் கேட்கிறார்; பரிமாறுகிறவர் காதில் விழவே இல்லை. பக்கத்தில் இருப்பவர் "இங்க ரசம்!" என்று உரக்கச் சொல்கிறார். அவராக எதையும் சேர்க்கவில்லை, தாத்தா கேட்டதைத்தான் சொன்னார். பஃபரும் அப்படித்தான். சிக்னலின் அளவைக் கூட்டுவதில்லை. இன்புட்டில் 1 மெகா ஓம் போல உயர்ந்த இம்பீடன்ஸ் இருப்பதால் பிக்கப்புக்குச் சுமை தெரியாது. அவுட்புட்டில் 1 கிலோ ஓமோ அதற்கும் குறைவோதான். அந்த பலத்துக்கு, மிச்சமிருக்கும் 8 மீட்டர் கேபிள் ஒரு பொருட்டே இல்லை. இழப்பு 2 லட்சம் ஹெர்ட்ஸ் பக்கம்தான் தொடங்கும். நம் காது 20,000-க்கு மேல் கேட்கப்போவதில்லை.

உள்ளே இருப்பது ஒரு ஆப்-ஆம்ப் அல்லது ஒரு டிரான்சிஸ்டர், கூடவே கைப்பிடி அளவு உதிரிப் பாகங்கள். டிஎல்072 மாதிரியான ஆப்-ஆம்ப் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. சால்டரிங் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியமே செய்து முடித்துவிடலாம். தெரியாதவர்களுக்கு, பாஸ் நிறுவனம் 1977-லிருந்து விற்றுவரும் காம்பாக்ட் பெடல்களில் பெரும்பாலானவை ஆஃபில் இருந்தாலும் பஃபராக வேலை செய்பவைதான். ஐபனெஸ் ட்யூப் ஸ்க்ரீமரும் அப்படியே. யாரிடமாவது பழசு ஒன்று இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள்.

'பஃபர் டோனைக் கெடுக்கும்' என்று சொல்பவர்களிடம் நான் சொல்வது இரண்டு உதாரணம். 1994-ல் அமெரிக்காவில் பில் ஃபின்னகன் கொண்டுவந்த க்ளான் சென்டார் பெடல் இன்று பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகிறது. அதில் இருப்பது பஃபர் பைபாஸ், அதுவும் வேண்டுமென்றே வைத்தது. பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மருக்கு பெடல்போர்டு செய்து கொடுத்த பீட் கார்னிஷ், ட்ரூ பைபாஸை வெளிப்படையாக எதிர்த்து எழுதியவர். பஃபர்களை நம்பியே தன் போர்டுகளைக் கட்டினார். கில்மரின் டோன் கெட்டுப்போச்சுன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

அப்போ பஃபர் எல்லாத்தையும் சரி பண்ணிடுமா?

பண்ணாது. கிட்டாருக்கும் பஃபருக்கும் நடுவே இருக்கும் கேபிளை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மேலே போட்ட அதே கணக்கில், முதல் கேபிள் 6 மீட்டர் என்றால் பஃபர் வைத்த பிறகும் மேடு 3,800 ஹெர்ட்ஸ் பக்கம்தான் நிற்கும். 2,600-ஐவிட எவ்வளவோ மேல், ஆனால் 5,000 இல்லை. அந்த ஒரு கேபிளைச் சுருக்கினால் லாபம். விலை கூடிய பேட்ச் கேபிள் வாங்கிய என்னைப் போல ஏமாறாதீர்கள்.

மோசமான பஃபர்களும் உண்டு. பத்து பெடலில் பத்து பஃபர் என்றால் இரைச்சல் சேர்ந்துகொண்டே போகும். எனக்குத் தெரிந்து, போர்டின் முதலில் ஒரு நல்ல பஃபர் போதும். ஆம்ப் ரொம்ப தூரத்தில் இருந்தால் கடைசியில் இன்னொன்று. நடுவில் இருப்பவை தாராளமாக ட்ரூ பைபாஸாகவே இருக்கட்டும்.

இரண்டே பெடல், குட்டிக் கேபிள் என்றால் இந்தத் தலைவலியே வேண்டாம். இஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப் இருந்தால் கிட்டாருக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கிறது. வயர்லெஸ் வாசிப்பவர்களுக்கு அதன் ட்ரான்ஸ்மிட்டரே பஃபர்தான்.

சிலருக்கு அந்த மங்கல்தான் பிடிக்கும், அதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்துச் சுருள் கேபிள்களில் கெபாசிட்டன்ஸ் அதிகம். அதனால் வந்த மிருதுவான ஓசையை இன்றும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். பஃபர் வைத்த முதல் வாரம் எனக்கே டோன் கொஞ்சம் கூர்மையாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்தால் கிட்டாரிலேயே டோன் நாபைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். இருக்கிற ட்ரெபிளைக் குறைப்பது சுலபம். கிரவுண்டுக்குப் போனதை ஆம்ப்பில் மீட்க முயன்றால் இரைச்சலும் சேர்ந்துதான் வரும்.

உங்கள் போர்டுக்குத் தேவையா என்று பார்க்க ஒரு பைசா செலவில்லை. குட்டிக் கேபிளில் கிட்டாரை நேராக ஆம்ப்பில் செருகி ஒரு நிமிடம் வாசியுங்கள். ஆம்ப்பில் எதையும் தொடாமல், எல்லா பெடலையும் ஆஃப் செய்துவிட்டு போர்டு வழியாக அதையே வாசியுங்கள். வித்தியாசம் கேட்கவில்லையா? பணத்தை பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபஸ் ஃபேஸ் வகை பெடல் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 1966-ல் வந்த அந்த சர்க்யூட்டின் இன்புட் இம்பீடன்ஸ் ரொம்பக் குறைவு. பிக்கப்போடு நேரடியாகப் பேசினால்தான் அதற்கு அழகு. வால்யூம் நாபைக் குறைத்தால் டோன் தெளிவாகிறதே, அந்த மாயமும் அதனால்தான். முன்னால் பஃபர் வைத்தால் ஓசை வறண்டு, எரிச்சலாகிவிடும். என் போர்டில் ஃபஸ் முதலில், இரண்டாவதாக அந்த அண்ணன் கொடுத்த பழைய ட்யூனர். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.